களிமண் நிலத்துக்கு ஏற்ற விதைப்புக் கருவி எது?

பேராக் மாநிலத்தில் உள்ள தோட்டம் ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன், ஐந்து குடும்பத்தினர் ஒன்றுகூடிப் பணம் சேர்த்து ஒரு விதைப்புக் கருவி வாங்கினர். அவர்கள் வேலை செய்த பிரிவில் பழைய ரப்பர் மரங்கள் வீழ்த்தப்பட்டு மறுநடவு நடந்திருந்தது. மரம் வெட்டும் வேலை குறைந்து, களையெடுப்பு வேலைக்கு மாற்றப்பட்டிருந்த அக்குடும்பங்களுக்கு வருமானமும் குறைந்திருந்தது. இளங்கன்றுகள் வளர்ந்து நிழல் மூடும்வரை நிரைகளுக்கு இடையே சோளம் பயிரிட நிர்வாகம் அனுமதி அளித்தபோது, அதனை ஒரு நல்வாய்ப்பாகவே அவர்கள் கருதினர். கையால் தள்ளிச் செல்லும் கருவி. சக்கரம் சுழலச் சுழல விதை ஒவ்வொன்றாய் விழும். ஒரே நாளில் மேட்டுச் சரிவையும் ஓடைக்கரைப் பள்ளத்தையும் விதைத்து முடித்தனர்.

பத்து நாட்களில் மேட்டில் சோளம் வரிசையாக முளைத்தது. பள்ளத்தில் நான்கு முழத்துக்கு ஒரு செடி கூட இல்லை. விளக்கக் கூட்டம் ஒன்றுக்காக நாம் அத்தோட்டத்துக்குச் சென்றிருந்த சமயம் அது. விதை கெட்டது என்றார் ஒருவர். கருவி கெட்டது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றார் மற்றொருவர். கூட்டம் முடிந்ததும் அவர்களுடன் பள்ளத்துக்கு இறங்கிச் சென்று, சாலை விரலால் கிளறிப் பார்த்தோம். விதைகள் இடைவெளி பிசகாமல் வரிசையாகத்தான் கிடந்தன. அழுகிக் கிடந்தன. சாலின் அடியில் நீர் தேங்கியிருந்தது. மழை பெய்து மூன்று நாட்கள் ஆகியிருந்தும் அந்நீர் இறங்கவில்லை.

அதே விதை, அதே கருவி, அதே நாள். மாறியது மண் ஒன்றுதான். ஆகவே, கருவி வாங்க எண்ணுவோர் கடைக்குச் செல்லுமுன் தம் காலடியில் உள்ள மண்ணை அறிந்துகொள்வது முதற்கடமை ஆகிறது.

களிமண்ணின் இயல்பு

மணலின் துகளைக் கண்ணால் காணலாம். களித்துகளோ ஒரு மில்லிமீட்டரில் 500இல் ஒரு பங்குக்கும் சிறியது. அது உருண்டையானதன்று, மெல்லிய ஏடு போன்றது. இந்த ஏடுகளுக்கிடையே நீர் புகுந்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. நீர் வற்றினால் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. ஈரக் களிமண் வழுக்குவதும், காய்ந்த களிமண் கல்லாவதும் இதனால்தான்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். நம் நாட்டின் மேட்டு நிலச் செம்மண்ணிலும் களித்துகள்கள் நிறைய உண்டு. அங்கு மட்டும் சோளம் முளைத்தது எப்படி? செம்மண்ணுக்கு அந்நிறத்தைத் தருவது இரும்புத் துரு. அது களித்துகள்களைச் சிறுசிறு மணிகளாகப் பிணைத்து வைக்கிறது. மணிகளுக்கிடையே நீர் இறங்கவும் காற்று புகவும் வழி இருக்கிறது. ஓடைக்கரைப் பள்ளத்திலும், கிள்ளான், பந்திங், கோல சிலாங்கூர், பாகான் டத்தோ வட்டாரங்களின் கடற்கரைச் சமவெளியிலும் நிலைமை வேறு. கடற்கரை மண் கடல் சேறு படிந்து உருவானது. நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் களி வகை அதில் மிகுதி. நெடுங்காலம் நீர் தேங்கி நிற்கும் இடத்தில் இரும்பின் செந்நிறமும் மறைந்து மண் சாம்பல் நிறமாகிவிடும். மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டும்போது சாம்பல் நிறமும் இடையிடையே துருப்புள்ளிகளும் தென்பட்டால், அங்கே ஆண்டில் பல மாதங்கள் காற்றுக்கு இடமில்லை என்று பொருள். கடற்கரைச் சமவெளியில் இருந்த ரப்பர் தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு மாறிவிட்டன. எனினும், மேட்டு நிலத் தோட்டங்களிலும் இரு குன்றுகளுக்கு நடுவே இத்தகைய பள்ளங்கள் உண்டு. தோட்ட மக்களின் காய்கறிப் பாத்திகள் பல அங்குதான் இருக்கின்றன.

இத்தகைய மண்ணில் ஒரு கருவி உராய்ந்தால் என்ன நேரும் என்பதை நம் வாசகர்கள் முன்பே கண்டிருப்பர். மறுநடவின்போது, டிராக்டரில் பூட்டிய துளைப்பொறி கொண்டு ஈரக் களிமண்ணில் குழி தோண்டினால், குழியின் சுவர் பூசி மெழுகியதுபோல் பளபளக்கும். பால் சேரும் மங்கின் உட்புறத்தை எண்ணிப் பாருங்கள். மெருகிட்ட மங்கு ஒரு சொட்டையும் உறிஞ்சாது. அப்படியே குழியும் மழை நீரை ஏந்தி நிற்கும்; கன்றின் வேர் சுவரைத் துளைக்க மாட்டாமல் உள்ளேயே சுற்றிவரும். அனுபவமுள்ள தண்டல்கள், கன்றை வைக்குமுன் குழியின் சுவரை மண்வெட்டி முனையால் கொத்திவிடச் சொல்வது இதற்காகத்தான்.

விதைப்புக் கருவி செய்வதும் அதே வேலைதான். அது நீளவாக்கில் ஒரு குழி, அதாவது சால், தோண்டுகிறது. களிமண் ஈரமாக இருக்கையில் சாலின் இரு சுவர்களும் மெழுகப்படுகின்றன. விதை முளைக்க நீரோடு காற்றும் வேண்டும். மெழுகிய சாலில் நீர் நின்றுவிட்டால் விதை மூச்சு முட்டி அழுகுகிறது. மழை ஓய்ந்து வெயில் காய்ந்தாலோ மண் சுருங்கி, சால் வாய் பிளந்து, விதை பறவைகளின் கண்ணில் படுகிறது. பள்ளத்தில் நாம் கண்டது இதுவே.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

கருவிகளைப் பற்றிக் கூறுமுன் நாளைப் பற்றிக் கூற வேண்டியிருக்கிறது. தவறான நாளில் எந்தக் கருவியும் பயன் தராது என்பது நமது உறுதியான கருத்து.

விதை விழ வேண்டிய ஆழத்திலிருந்து, அதாவது மேற்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் கீழே, ஒரு சிறு உருண்டை மண் எடுத்துக்கொள்ளுங்கள். மேல்மண் காய்ந்திருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம்; களிமண் மேலே உலர்ந்து அடியில் குழைந்திருக்கும். அம்மண்ணை இரு உள்ளங்கைகளுக்கு இடையே கயிறாக உருட்டுங்கள். 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு, அதாவது தீக்குச்சியைவிடச் சற்றே பருமனாக, உடையாமல் உருண்டால் அன்று கருவியை வெளியே எடுக்க வேண்டாம். அந்தத் தடிமனை எட்டுமுன் துண்டுதுண்டாக உதிர்ந்தால் விதைக்கலாம். காசு செலவில்லாத சோதனை இது. பொறியியல் வல்லுநர்கள் சாலை போடும் இடத்தில் மண்ணைச் சோதிக்கவும் இதே முறையைத்தான் கையாளுகின்றனர்.

மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகும். அம்மாதங்களில் பள்ளத்தில் கயிறு உடைவதற்கு நெடுநாள் காத்திருக்க நேரும். அதற்கு ஒரே பரிகாரம் மேட்டுப்பாத்தி. ஒரு முழ உயரத்துக்குப் பாத்தி அமைத்து, இரு புறமும் ஓடையை நோக்கி வாய்க்கால் வெட்டிவிட்டால், பாத்தியின் தலைப்பு தரையைவிட முன்னதாகவே பதத்துக்கு வந்துவிடும். புதிய கருவிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை வாய்க்கால் வெட்டும் உழைப்பாக மாற்றினால் பலன் அதிகம். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பதை நாம் அறிவோம். மண்வெட்டி பிடிப்பதிலிருந்து விடுபடத்தானே கருவி வாங்க எண்ணினார்கள்!

தமிழகத்தின் கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் மண்ணும் இத்தகைய உப்பும் களிமண்தான். அங்குள்ள உழவர்கள் பருவமழைக்கு முன்பாகவே, காய்ந்த மண்ணில் சற்று ஆழமாக விதைத்துவிடும் முறையைக் கையாளுகின்றனர். சிறு தூறலுக்கு விதை முளைக்காது. பெருமழை வந்த பிறகே முளைக்கும். மழை தொடங்கினால் கரிசலில் கால் வைக்க இயலாது என்பதால் தோன்றிய உபாயம் இது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வறட்சி காணும் கெடாவிலும் பெர்லிசிலும் இதனை ஓரளவு பின்பற்ற இடமுண்டு. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் மற்ற இடங்களுக்கு இது பொருந்தாது.

கருவிகளின் குணமும் குறையும்

கையால் தள்ளும் விதைப்பானில் முன்சக்கரம் ஓடும்போது உள்ளே ஒரு துளைத்தட்டு சுழன்று விதையை விடுகிறது. கொழு சாலைத் திறக்கிறது. பின்சக்கரம் மூடி அழுத்துகிறது. செம்மண்ணில் இது அருமையாக வேலை செய்யும். ஈரக் களிமண்ணிலோ சக்கரத்தில் மண் அப்பிக்கொள்ளும். சக்கரம் சுழலாமல் வழுக்கினால் அத்தூரம் முழுவதும் ஒரு விதையும் விழாது. தள்ளுபவர் அதனை அறியவும் மாட்டார். பின்சக்கரம் மண்ணைப் பாய்போல் சுருட்டி எடுக்கும். சில வேளைகளில் விதையும் அதனோடு சேர்ந்து எழுந்துவிடும். ஆகவே பள்ளக் களிமண்ணே முக்கால் பங்கு நிலமாக உள்ளவர்கள் இக்கருவிக்குப் பணம் போடுவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

இரண்டாவது, நின்றபடியே மண்ணில் குத்தி விதையை இறக்கும் குத்துவிதைப்பான். பறவையின் அலகு போன்ற இரு தகடுகள் மூடிய நிலையில் மண்ணில் இறங்கும். கைப்பிடியை அசைத்தால் அலகு திறந்து, ஓரிரு விதைகள் விழும். தொடர்ச்சியான சால் இல்லாததால் நீர் ஓடித் தேங்குவதும் இல்லை. சக்கரம் இல்லாததால் அப்பிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. விலையிலும் இது குறைவு. ஆனால் அலகின் வாயில் களி அடைத்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து குத்துக்கு ஒருமுறை நுனியைப் பார்த்துக் குச்சியால் துடைத்தாக வேண்டும். அலகு தட்டையாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். உருண்டையான கம்பு கொண்டு குத்தினால் துளைப்பொறிக் குழியின் கதைதான் சிறிய அளவில் மீண்டும் நடக்கும். குத்திய துளையை அதே களிமண்ணால் மிதித்து மூட வேண்டாம். மக்கிய குப்பையோ, மணல் கலந்த சுட்ட மண்ணோ ஒரு சிட்டிகை போட்டு மூடினால் முளை சிரமமின்றி வெளிவரும். ஆழம் 3 சென்டிமீட்டர் போதும். செம்மண்ணில் விடும் ஆழத்தை இங்கு விடக்கூடாது.

டிராக்டர் இழுக்கும் பெரிய விதைப்பான்களைத் தனிக்குடும்பங்கள் வாங்குவதில்லை. எனினும் கூட்டுறவுச் சங்கங்களும், வாடகைக்கு விடும் குத்தகையாளர்களும் அவற்றைப் பற்றிப் பேசும்போது இரு சொற்கள் அடிபடும்: வட்டத்தகடு, கூர்க்கொழு. வட்டத்தகடு கத்திபோல் மண்ணைக் கீறிச் செல்கிறது. வேகம் அதிகம்; தழையும் குச்சியும் கிடக்கும் நிலத்திலும் சிக்காமல் ஓடும். ஆனால் ஈரக் களிமண்ணில் அது விடும் கீறலின் சுவர்கள் நன்றாக மெழுகப்பட்டிருக்கும். கீறல் மீண்டும் மூடுவதும் கடினம். வெட்டிப்போட்ட மூடுபயிர்க் கொடிகள் ஈரமாகக் கிடந்தால், தகடு அவற்றை அறுக்காமல் மடித்துச் சாலுக்குள் சொருகிவிடும். விதை மண்ணைத் தொடாமல் அழுகும் தழைமேல் கிடக்கும். கூர்க்கொழு மண்ணைக் கிளறி, தழையை ஒதுக்கி, சிறிதளவு பொடிமண்ணை உண்டாக்குகிறது. அதன் குறை, தழை மிகுந்த இடத்தில் வாரிக் குவித்து அடைத்துக்கொள்வது. மிக ஈரமான களியில் கட்டிகளைப் புரட்டி எடுப்பது.

நமது கருத்து இதுவே: தழை அகற்றப்பட்ட, ஓரளவு ஈரமுள்ள களிமண்ணுக்கு ஒடுங்கிய கூர்க்கொழு மேலானது. தழை மூடிய, பதத்துக்கு வந்த நிலத்துக்கு வட்டத்தகடு மேலானது. கயிறு உடையாத ஈரத்தில் இரண்டும் வேண்டாம். எதுவாயினும் பின்னே வரும் அழுத்துச் சக்கரத்தின் வில்லைத் தளர்த்திவிட வேண்டும். களிமண்ணை அழுத்த வேண்டியதில்லை. வழுவழுப்பான சக்கரத்துக்குப் பதில் பற்கள் உள்ள சக்கரம் பூட்டியிருந்தால், அது சாலின் சுவரைக் கொத்தி உடைத்து மூடும். தண்டல்கள் சொல்லும் அதே மண்வெட்டி முனை வேலையைத்தான் இப்பற்கள் செய்கின்றன. கடைசியாக, எடை. இயந்திரத்தின் எடை கூடக்கூட, டயர் சென்ற தடத்தில் களிமண் இறுகிக் கல்லாகும். ரப்பர் நிரைகளுக்கு இடையே ஆண்டுதோறும் ஒரே தடத்தில் கனத்த வண்டி ஓடினால் இளமரங்களின் மேல்வேர்களும் நசுங்கும். நிர்வாகம் இதற்கு மறுப்புத் தெரிவித்தால் அது நியாயமே.

நெல் வயலின் தனி வழி

இதுவரை கூறியதற்கு முற்றிலும் மாறானது நெல் விதைப்பு. நெல் வயலில் களிமண்ணை வேண்டுமென்றே நீர் விட்டுச் சேறாக்குகிறோம். மெழுகிய மண் நீரைப் பிடித்து வைப்பது அங்கே குறையன்று, அதுவே தேவை. கெடாவிலும் பெர்லிசிலும் ஏறத்தாழ 96,000 ஹெக்டர் பரப்புள்ள மூடா நீர்ப்பாசனத் திட்டத்தில் 1970ஆம் ஆண்டில் இருபோகச் சாகுபடி தொடங்கியது. நாற்று நட ஆள் கிடைப்பது அரிதானதால், 1980களில் அங்கு நேரடி விதைப்பு வேகமாகப் பரவியது. முளை கட்டிய நெல்லை முதுகில் சுமக்கும் ஊதுபொறியால் தெளிப்பதே அங்குப் பெரிதும் வழக்கம்.

தெளிப்பில் வேலை விரைவாக முடியும். ஆனால் 1988ஆம் ஆண்டில் சிலாங்கூரின் செக்கிஞ்சான் பகுதியில் காற்றுநெல் எனப்படும் களைநெல் தென்பட்டது. பின்னர் மற்ற வட்டாரங்களிலும் பெருகியது. நல்ல நெற்பயிரைப் போலவே தோன்றி, அறுவடைக்கு முன் மணியைக் கொட்டிவிடும் இக்களையைத் தாறுமாறாக முளைத்த பயிருக்கு நடுவே இனம் காண்பது கடினம். வரிசையில் விதைத்திருந்தால் வரிசைக்கு வெளியே நிற்பதைப் பிடுங்கிவிடலாம்.

வரிசை விதைப்புக்குச் சேற்றில் ஏற்றது உருளை விதைப்பான். ஓர் அச்சில் துளைகளுள்ள நான்கு பிளாஸ்டிக் உருளைகள். இரு பக்கமும் பெரிய சக்கரம். ஓர் ஆள் இழுத்துச் செல்லும் எடை. 20 சென்டிமீட்டர் இடைவெளியில் எட்டு வரிசைகள் ஒரே நடையில் விழும். கொழு கிடையாது, விதை சேற்றின் மேலேயே அமர்கிறது. நெல்லை ஒரு நாள் ஊறவைத்து, நீர் வடித்து மூட்டம் போட்டு, முளை எட்டிப் பார்க்கும் நிலையிலேயே உருளையில் இட வேண்டும். முளை நீண்டால் துளையில் சிக்கும். உருளையை வாய்வரை நிரப்பினால் விதை உருளாது. மூன்றில் இரு பங்கு போதும். வயலில் நீரை வடித்துவிட்டு, சேறு சற்றுப் படிந்த பின் இழுக்க வேண்டும். உறவினர் நிலத்தில் நெல் செய்யும் தோட்டத்து வாசகர்கள் சிலர் நமக்கு உண்டு. அவர்களுக்காகவே இதனைச் சேர்த்தோம்.

வாங்குமுன் செய்ய வேண்டிய கணக்கு

கடையில் கருவி புதிதாய் மின்னும். விற்பவர் சிமெண்டுத் தரையில் ஓட்டிக் காட்டுவார். ‘எங்கள் நிலத்தில் ஓட்டிப் பார்த்த பின்பே பணம்’ என்று கூறத் தயங்க வேண்டாம். அதற்கு இணங்காதவரிடம் வாங்கவும் வேண்டாம். அருகிலுள்ள விவசாய இலாகா அலுவலகத்தில் கேட்டால், அதே வகைக் கருவியை வைத்திருப்பவர் யார் என்பதும் தெரியவரலாம்.

சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்திக் கையால் சுற்றி விதையை எண்ணுங்கள். சக்கரத்தின் குறுக்களவு 35 சென்டிமீட்டர் என்று கொள்வோம். சுற்றளவு ஏறத்தாழ 110 சென்டிமீட்டர். பத்துச் சுற்றுக்கு 11 மீட்டர். சோளத்துக்கு 25 சென்டிமீட்டருக்கு ஒரு விதை வேண்டுமாயின் 44 விதைகள் விழ வேண்டும். 60 விழுந்தால் விதை வீண். 30 விழுந்தால் நிலம் வீண். வரிசைக்கு வரிசை 75 சென்டிமீட்டர் விட்டால் ஒரு ஹெக்டரில் சுமார் 53,000 செடிகள் நிற்கும். இது வெறும் நிலத்துக்கான கணக்கு. ரப்பர் கன்றிலிருந்து முதற் சோள வரிசை ஒரு மீட்டருக்குக் குறையாமல் தள்ளி இருக்க வேண்டுமாதலால், உங்கள் நிரைகளில் எத்தனை வரிசை அடங்கும் என்பதை நடந்து அளந்து பாருங்கள். பிறகு அதே பத்துச் சுற்றை ஈர மண்ணில் ஓட்டி, நடந்த தூரத்தை அளவுகோலால் அளக்கவும். 11 மீட்டருக்குப் பதில் 13 மீட்டர் வந்தால், சக்கரம் 2 மீட்டர் தூரம் சுழலாமல் வழுக்கியிருக்கிறது என்பது தெளிவு.

சாயம் பூசிய விதையைக் கையாண்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். மீந்ததைக் கோழிக்குப் போடக்கூடாது. அச்சாயத்தோடு பூசண மருந்தும் கலந்திருக்கும். கருவியில் ஒட்டிய களியை அன்று மாலையே கழுவிவிடுவது நல்லது. மறுநாள் அது உளியால் செதுக்க வேண்டிய பொருளாகிவிடும்.

முதலில் குறிப்பிட்ட ஐந்து குடும்பத்தினர் தள்ளுவிதைப்பானை விற்கவில்லை. மேட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. பள்ளத்தில் ஓடையை நோக்கி மூன்று வாய்க்கால்கள் வெட்டி, பாத்தி உயர்த்தி, ஒரு குத்துவிதைப்பானை இரவல் வாங்கினர். குடும்பத்தலைவி ஒருவர் தினமும் வேலை முடிந்து திரும்பும் வழியில் மண்ணை உருட்டிப் பார்த்துவந்தார். பதினோராம் நாள் கயிறு உடைந்தது. மறு விதைப்பு பிந்தியதால், மேட்டுச் சோளம் விற்றுத் தீர்ந்த பிறகே பள்ளத்துச் சோளம் முற்றியது. அதனை வாரச் சந்தைக்கு அவர்கள் தனியாக எடுத்துச் சென்றனர்.